எழுதி வைத்த பட்டியல் எங்கே போனது?

நாம் எழுதக் கற்றோம். எழுதியதைப் படிக்கவும் கற்றோம். இன்னும் ஒன்று மீதி இருக்கிறது. எழுதியதைப் பத்திரமாக வைக்க வேண்டும். வைத்ததைத் தேடி எடுக்கவும் தெரிய வேண்டும்.

முன்பு கணக்கு எல்லாம் நோட்டில் இருந்தது. நோட்டு பீரோவில் இருந்தது. பீரோவின் சாவி தலைவியின் இடுப்பில் இருந்தது. இப்போது டுவாக்ரா குழுக் கணக்கு கம்ப்யூட்டரில் இருக்கிறது. பால் கணக்கு கம்ப்யூட்டரில் இருக்கிறது. நம் நிலத்தின் அடங்கலும் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது.

அதனால் ஒரு புதிய பேச்சும் வந்திருக்கிறது. "கம்ப்யூட்டரில் காணோம்" என்கிறார்கள். கேட்டதும் நமக்குக் கை கால் ஓடுவதில்லை. எழுதியது எல்லாம் அழிந்துவிட்டது என்று நினைக்கிறோம்.

அப்படி நினைக்க வேண்டாம். காணோம் என்பது வேறு. அழிந்தது என்பது வேறு. பல நேரம் அது வேறு இடத்தில் இருக்கும். அல்லது வேறு பெயரில் இருக்கும். அதைத் தேடும் முறையை இந்தப் பாடத்தில் படிப்போம்.

பொதுப் பீரோ

ஓர் அலுவலகத்தில் மூன்று கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் தன் சொந்தப் பெட்டி உண்டு. அதில் வைத்ததை அந்தக் கம்ப்யூட்டரில் மட்டும் பார்க்கலாம்.

இவை போக, எல்லோருக்கும் பொதுவான ஒரு பெரிய பெட்டி இருக்கும். அது வேறு அறையில் இருக்கலாம். வேறு ஊரிலும் இருக்கலாம். அதைச் சர்வர் என்கிறார்கள். மூன்று கம்ப்யூட்டர்களில் இருந்தும் அதற்கு வயர் போகும். எந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாலும் அந்தப் பெட்டியைத் திறக்கலாம்.

இதை ஊர்ப் பொதுக் கிணறு போல நினைத்துக்கொள்ளுங்கள். யாரும் இறைக்கலாம். ஆனால் கிணற்றுக்குப் போகும் வழி அடைபட்டால் தண்ணீர் கிடைக்காது. தண்ணீர் வற்றிவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை.

கம்ப்யூட்டரில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். சொந்தப் பெட்டிக்குப் பெரும்பாலும் 'சி' என்ற எழுத்து. பொதுப் பெட்டிக்கு வேறு எழுத்து. ஓர் அலுவலகத்தில் அது 'எஸ்' ஆக இருக்கும். இன்னோர் அலுவலகத்தில் 'இசட்' ஆக இருக்கும். உங்கள் அலுவலகத்தில் எந்த எழுத்து என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இந்த ஓர் எழுத்து தெரிந்தால் பாதித் தேடல் முடிந்தது.

ஒரு திங்கட்கிழமை

ஒரு மண்டல மகளிர் அலுவலகத்தை மனதில் கொள்வோம். பாடத்துக்காகச் சொல்லும் கதை இது. ஆனால் எந்த ஊரிலும் நடக்கக்கூடியது.

2025 ஜூன் 9, திங்கட்கிழமை. அன்று மாலை நான்கு மணிக்குள் வங்கிக்கு ஒரு பட்டியல் போக வேண்டும். எந்தக் குழு தவணை கட்டியது, எவ்வளவு கட்டியது என்ற பட்டியல் அது. ஒழுங்காகக் கட்டிய குழுவுக்குத்தான் புதுக் கடன். பள்ளிக்கூடம் திறக்கும் நேரம். பிள்ளைகளின் செலவுக்குப் பலரும் அந்தக் கடனை நம்பி இருந்தார்கள்.

கணக்கு எழுதும் பெண் பட்டியலைப் பிரிண்ட் எடுத்தாள். மேசை மேல் வைத்தாள். பக்கத்தில் ஒரு பெரியம்மா உட்கார்ந்திருந்தார். அவர் ஐம்பது வயதில் படிக்கக் கற்றவர். பட்டியலைக் கையில் எடுத்து விரல் வைத்துப் படித்தார்.

"பாப்பா, இதுல எங்க ஊரு கட்டுன பணம் இல்லையே."

"இருக்கும் பெரியம்மா. வெள்ளிக்கிழமை நானே ஏத்தினேன். நல்லா பாருங்க."

"நான் நல்லாத்தான் பார்த்தேன். பக்கத்து ஊரும் இல்ல. கீழே தேதியைப் பாரு. நாலாம் தேதின்னு போட்டிருக்கு. நாங்க கட்டுனது ஆறாம் தேதி. ரசீது என்கிட்ட இருக்கு."

அந்தப் பெண் பார்த்தாள். பெரியம்மா சொன்னது சரி. பட்டியல் புதன்கிழமையோடு நின்றிருந்தது. வெள்ளிக்கிழமை ஏற்றிய இரண்டு ஊர்க் கணக்கையும் காணோம். ஐந்து குழுக்கள். ஐம்பது பெண்கள். பட்டியல் அப்படியே போனால், கட்டியவர்கள் கட்டாதவர்கள் ஆகிவிடுவார்கள்.

முதலில் கையை நிறுத்து

தலைவி அக்கா பதறவில்லை. மெஷின் பார்க்கும் தம்பிக்குப் போன் செய்தார். அவர் முதலில் சொன்னது இதுதான்.

"அக்கா, யாரும் எதையும் அழுத்தாதீங்க. நான் சொல்றபடி செய்யுங்க."

இது மிக முக்கியம். ஒரு ஃபைல் காணோம் என்றால் மூன்று காரியங்களைச் செய்யக் கூடாது.

ஒன்று. அதே பெயரில் புது ஃபைல் எழுதக் கூடாது. புதியது பழையதன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பழையது அதோடு போகும்.

இரண்டு. தேவையில்லாதது என்று நினைத்து எதையும் நீக்கக் கூடாது. தேடும் நேரம் சுத்தம் செய்யும் நேரம் அல்ல.

மூன்று. ஆளுக்கு ஒரு பக்கம் தேடக் கூடாது. ஒருவர் மவுஸைப் பிடிக்க வேண்டும். மற்றொருவர் ஒரு தாளில் குறிக்க வேண்டும். எங்கே பார்த்தோம், என்ன கிடைத்தது என்று எழுதிக்கொண்டே போக வேண்டும்.

நான்கு கேள்விகள்

தேடும் முன் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும்.

யார் கடைசியாக எழுதினார்?
எந்த நாள், எந்த நேரம்?
எந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார்?
என்ன பெயர் வைத்தார்?

அந்தப் பெண் யோசித்துப் பதில் சொன்னாள். எழுதியது அவள்தான். வெள்ளிக்கிழமை மாலை எழுதினாள். வாசல் பக்கக் கம்ப்யூட்டரில் எழுதினாள். இன்று அங்கே வேறு வேலை நடந்தது. அதனால் ஜன்னல் பக்கக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாள்.

"வெள்ளிக்கிழமை எழுதுறப்ப ஏதாவது வித்தியாசமா நடந்துச்சாம்மா?" என்று தம்பி கேட்டார்.

"ஆமாண்ணா. சேவ் பண்ணும்போது என்னவோ இங்கிலீஷ்ல வந்துச்சு. சரின்னு அழுத்தினேன். சேவ் ஆயிடுச்சு."

தம்பிக்கு விஷயம் விளங்கிவிட்டது. உங்களுக்கு விளங்கியதா? தொடர்ந்து படியுங்கள்.

தேடும் வழி

இனி ஒவ்வொரு படியாகப் பார்ப்போம். எளியதை முதலில் பார்க்க வேண்டும். கடினமானதைப் பிறகு பார்க்க வேண்டும்.

படி 1. வழி திறந்திருக்கிறதா?

பொதுப் பெட்டியின் படம் திரையில் தெரிகிறதா என்று பாருங்கள். அதன் மேல் சிவப்புப் பெருக்கல் குறி இருந்தால் வழி அடைபட்டிருக்கலாம். கம்ப்யூட்டரின் பின்னால் வயர் செருகி இருக்கிறதா என்று பாருங்கள். பெருக்கும்போது துடைப்பம் பட்டு வயர் கழன்றிருக்கலாம். கரண்ட் போய் வந்திருக்கலாம். மூன்று கம்ப்யூட்டரிலும் பொதுப் பெட்டி தெரியவில்லை என்றால், சர்வர் இருக்கும் அறையைப் போய்ப் பாருங்கள்.

படி 2. அதே கம்ப்யூட்டரில் பார்

யார் எந்தக் கம்ப்யூட்டரில் எழுதினாரோ அங்கேயே போய் உட்காருங்கள். எழுதும் செயலியைத் திறங்கள். சமீபத்தில் திறந்த ஃபைல்களின் பெயர்கள் வரிசையாக வரும். அதில் பெயரோடு, வைத்த இடமும் தெரியும். முதல் எழுத்தைக் கவனியுங்கள். பொதுப் பெட்டியின் எழுத்தா? சொந்தப் பெட்டியின் 'சி' எழுத்தா?

படி 3. பெயரில் ஒரு துண்டை வைத்துத் தேடு

திரையின் மேல் பக்கம் ஒரு சிறு கட்டம் இருக்கும். பூதக்கண்ணாடிப் படம் போட்டிருக்கும். அதில் பெயரின் ஒரு பகுதியை மட்டும் அடியுங்கள். முழுப் பெயரையும் அடித்தால், ஓர் எழுத்து மாறினாலும் கிடைக்காது.

நம் பக்கத்தில் இங்கே ஒரு சங்கடம் உண்டு. நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் பக்கம் பல வீடுகளில் பேசுவது தமிழ். அலுவலகத்தில் எழுதுவது தெலுங்கு. கம்ப்யூட்டரில் பெயர் வைப்பது ஆங்கிலம். நாம் பட்டியல் என்கிறோம். தெலுங்கில் ஜாபிதா என்கிறார்கள். இன்னொருவர் லிஸ்ட் என்று வைக்கிறார். பொருள் ஒன்று, பெயர் மூன்று. கம்ப்யூட்டருக்கு மூன்றும் ஒன்று என்று தெரியாது. அதனால் மூன்று பெயரிலும் தேடுங்கள். ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போதும் ஆளுக்கு ஒரு மாதிரி எழுதுவோம். அதையும் மாற்றிப் பாருங்கள்.

படி 4. தேதியை வைத்துத் தேடு

பெயர் மறந்திருக்கலாம். நாள் மறக்காது. ஃபைல்களைத் தேதி வரிசையில் அடுக்கச் சொல்லலாம். கடைசியாக மாற்றிய தேதி என்று ஒரு தலைப்பு இருக்கும். அதன் மேல் அழுத்தினால் வரிசை மாறும். வெள்ளிக்கிழமை மாற்றியது எல்லாம் ஓரிடத்தில் வந்து நிற்கும்.

படி 5. பக்கத்து அறையில் பார்

பெட்டிக்குள் பல அறைகள் இருக்கும். அவற்றை ஃபோல்டர் என்கிறார்கள். மவுஸை அழுத்தியபடி கை நகர்ந்தால், ஓர் அறையில் இருந்தது பக்கத்து அறைக்குள் விழுந்துவிடும். செய்தவருக்கே தெரியாது. சில நேரம் ஓர் அறை முழுவதும் இன்னோர் அறைக்குள் போய்விடும். ஆகவே மேலும் கீழும் உள்ள அறைகளைத் திறந்து பாருங்கள்.

படி 6. இரட்டைப் பிள்ளை இருக்கிறதா?

பொதுப் பெட்டியில் உள்ள ஒரு பட்டியலை ஒருவர் திறந்து வைத்திருக்கிறார். அதே நேரம் மற்றொருவர் திறக்கிறார். இரண்டாமவரிடம் கம்ப்யூட்டர், "நீங்கள் படிக்கலாம், எழுத முடியாது" என்ற பொருளில் சொல்லும். இவர் எழுதிவிட்டு வேறு பெயரில் சேமிப்பார். இப்போது பட்டியல் இரண்டு. பாதிக் கணக்கு ஒன்றில். மீதிக் கணக்கு மற்றொன்றில். பெயரின் முடிவில் 'காப்பி' என்றோ, '2' என்றோ இருக்கும் ஃபைல்களைத் திறந்து பாருங்கள்.

படி 7. உங்களுக்கு அனுமதி இருக்கிறதா?

சில அறைகளுக்குப் பூட்டு உண்டு. அனுமதி இல்லாதவர் அதைத் திறக்க முடியாது. சில அலுவலகங்களில் அந்த அறையே அவர் கண்ணுக்குத் தெரியாது. உங்கள் பெயரில் காணோம் என்றால், அதே வேலை செய்யும் வேறொருவர் பெயரில் பார்க்கச் சொல்லுங்கள்.

படி 8. குப்பைக் கூடை

சொந்தப் பெட்டியில் ஒன்றை நீக்கினால் அது குப்பைக் கூடைக்குப் போகும். கூடைப் படத்தைத் திறந்து திரும்ப எடுக்கலாம். ஆனால் பொதுப் பெட்டியில் நீக்கியது பெரும்பாலும் உங்கள் குப்பைக் கூடைக்கு வராது. கூடை காலி என்பதால் யாரும் நீக்கவில்லை என்று நினைக்கக் கூடாது. தற்செயலாக இப்போதுதான் நீக்கினீர்கள் என்றால், கண்ட்ரோல் பொத்தானையும் இசட் பொத்தானையும் சேர்த்து அழுத்துங்கள். பல நேரம் திரும்ப வரும்.

படி 9. மெஷின் பார்ப்பவரைக் கேள்

எதிலும் கிடைக்கவில்லை என்றால், சர்வரைப் பார்த்துக்கொள்பவரிடம் உடனே சொல்லுங்கள். பல சர்வர்களில் நேற்றைய நகல், முந்தாநாள் நகல் என்று எடுத்து வைக்க ஏற்பாடு இருக்கும். அதிலிருந்து பழையதை எடுத்துத் தரலாம். தாமதம் செய்யாதீர்கள். புது நகல் எடுக்கும்போது பழைய நகலை நீக்கிவிடுவது உண்டு. போய்ச் சொல்லும்போது நான்கு கேள்விகளின் பதிலையும் தாளில் எழுதிக் கொடுங்கள்.

பட்டியல் கிடைத்தது

இப்போது நம் கதைக்கு வருவோம். வெள்ளிக்கிழமை மாலை வாசல் பக்கக் கம்ப்யூட்டரின் வயர் கழன்றிருந்தது. அதனால் பொதுப் பெட்டிக்குப் போகும் வழி அடைபட்டது. "அந்த இடம் கிடைக்கவில்லை, வேறு இடத்தில் வைக்கிறீர்களா?" என்றுதான் கம்ப்யூட்டர் கேட்டது. அந்தப் பெண் சரி என்று அழுத்தினாள். பட்டியல் அந்தக் கம்ப்யூட்டரின் சொந்தப் பெட்டியில் போய் உட்கார்ந்தது. சனிக்கிழமை யாரோ வயரைச் செருகிவிட்டார்கள். பொதுப் பெட்டி திரும்ப வந்தது. ஆனால் அதில் இருந்தது புதன்கிழமைப் பட்டியல்.

இரண்டாம் படியிலேயே பட்டியல் கிடைத்துவிட்டது. அந்தப் பெண் உடனே அதைப் பொதுப் பெட்டிக்கு மாற்றப் போனாள்.

"இரும்மா," என்றார் தலைவி அக்கா. "நடுவுல வேற யாராவது பொதுப் பட்டியல்ல எதையாவது ஏத்தியிருந்தா? இதை அது மேல வச்சா அது போயிடுமே."

இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். பெரியம்மா ரசீதுகளைப் படித்தார். அந்தப் பெண் இரண்டிலும் சரிபார்த்தாள். ஊர் ஊராகப் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. பிறகு புதுப் பெயரில், அன்றைய தேதி போட்டுப் பொதுப் பெட்டியில் சேமித்தார்கள். பழைய இரண்டையும் நீக்கவில்லை.

மூன்றரை மணிக்குப் பட்டியல் வங்கிக்குப் போனது.

அன்று ஐம்பது பெண்களின் கடனைக் காத்தது எது? கம்ப்யூட்டர் அறிவு உதவியது. ஆனால் முதலில் காத்தது பெரியம்மாவின் படிப்பு. அவர் பட்டியலை நம்பிக் கையெழுத்துப் போடவில்லை. தேதியைப் படித்தார். தன் ரசீதோடு ஒப்பிட்டார்.

திருமலையில் மறந்துபோன அறை

வைத்த இடம் மறந்துபோவது கம்ப்யூட்டரால் வந்த தொல்லை அல்ல. அது பழைய தொல்லை. நம் திருமலையிலேயே அதற்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது.

அன்னமாச்சாரியார் திருமலை வேங்கடேசப் பெருமாள் மேல் தெலுங்கில் பாடல்கள் பாடியவர். அவர் காலம் 15-ஆம் நூற்றாண்டு. 1503-ல் காலமானார். அவர் பாடியது 32,000 பாடல்கள் என்பார்கள். அவர் குடும்பத்தார் அவற்றைச் செப்பேடுகளில் வெட்டி வைத்தார்கள். செப்பேடு என்றால் செம்புத் தகடு. ஓலையைப் போலச் செல்லரிக்காது. அந்தச் செப்பேடுகளைத் திருமலைக் கோயிலுக்குள் ஒரு சிறிய கல் அறையில் வைத்தார்கள். உண்டியலுக்கு எதிரே இருக்கும் அறை அது.

காலம் போனது. அறை இருந்தது. செப்பேடுகளும் இருந்தன. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்ற நினைவு மெல்ல மறைந்தது. எத்தனையோ பேர் அந்த அறையைக் கடந்து உண்டியலுக்குப் போனார்கள். 1922-ஆம் ஆண்டு வாக்கில்தான் அந்தச் செப்பேடுகள் வெளியே வந்து அறிஞர்கள் கைக்குக் கிடைத்தன. ஏறத்தாழ 2,500 செப்பேடுகள். சாது சுப்பிரமணிய சாஸ்திரி, வேட்டூரி பிரபாகர சாஸ்திரி போன்றவர்கள் அவற்றைப் படித்து எழுதினார்கள். தேவஸ்தானம் அச்சிட்டது. இன்று 12,000 பாடல்கள் அளவுக்கு நமக்குக் கிடைத்திருக்கின்றன. மற்றவை கிடைக்கவில்லை.

எழுத்து அழியாத செம்பில் இருந்தது. எங்கே இருக்கிறது என்ற குறிப்புத்தான் மக்கள் நினைவில் இல்லை. நம் அலுவலக ஃபைலுக்கும் இதுவே பாடம். எழுதி வைத்தால் மட்டும் போதாது. எங்கே வைத்தோம் என்பதையும் எழுதி வைக்க வேண்டும்.

மதனப்பள்ளியில் ஒரு தீ

இன்னோர் உதாரணம் இதற்கு நேர் மாறானது. 2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர் மதனப்பள்ளி. அங்கே சப் கலெக்டர் அலுவலகத்தில் 2024 ஜூலை 21 இரவு தீப்பிடித்தது. பல கோப்புகள் எரிந்தன. அவற்றில் நிலம் சம்பந்தமான கோப்புகளும் இருந்தன. எப்படித் தீப்பிடித்தது என்று பெரிய விசாரணை நடந்தது. பின்னர் உயர் அதிகாரிகள் வந்தபோது, நிலப் பிரச்சினை உள்ள மக்கள் மனுக்களோடு திரண்டு வந்தார்கள்.

எரிந்த தாளை எவ்வளவு தேடினாலும் பயன் இல்லை. அதன் நகல் வேறு இடத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் தப்பிக்கலாம். கம்ப்யூட்டரும் அப்படித்தான். பெட்டியே பழுதானால் உள்ளே இருப்பதும் போகும். ஆகவே தேடக் கற்பது பாதி. நகல் எடுக்கக் கற்பது மீதி.

இனி தொலையாமல் இருக்க

பெயரை ஒரே மாதிரி வையுங்கள். பொருள், ஊர், தேதி என்ற வரிசை நல்லது. தேதியில் ஆண்டு முதலில், மாதம் அடுத்து, நாள் கடைசியில் இருக்கட்டும். 2025-06-06 என்று எழுதுங்கள். அப்போது கம்ப்யூட்டர் தானாகவே நாள் வரிசையில் அடுக்கும். 'புதுசு', 'கடைசி' என்று பெயர் வைக்காதீர்கள். அடுத்த வாரம் அது புதுசாகவும் இருக்காது, கடைசியாகவும் இருக்காது.

மேசை மேல் ஒரு நோட்டு வையுங்கள். யார், எந்த நாள், எந்தப் பெயரில், எந்த அறையில் வைத்தார் என்று ஒரு வரி எழுதுங்கள். ஒரு நிமிட வேலைதான்.

சேமித்ததும் திறந்து பாருங்கள். அடுத்த கம்ப்யூட்டரில் போய்த் திறந்து பார்ப்பது இன்னும் நல்லது. அங்கே தெரிந்தால் அது பொதுப் பெட்டியில் இருக்கிறது என்று பொருள்.

திரையில் ஏதாவது எழுத்து வந்தால் படிக்காமல் அழுத்தாதீர்கள். ஆங்கிலம் தெரியாவிட்டால் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

முக்கியமானதற்கு மூன்று பிரதிகள் வேண்டும். ஒன்று பொதுப் பெட்டியில். ஒன்று பென்டிரைவிலோ வேறு பெட்டியிலோ. ஒன்று வேறு கட்டடத்தில். தீயும் வெள்ளமும் ஒரே நாளில் இரண்டு கட்டடத்துக்கு வருவது அபூர்வம். மாதம் ஒரு முறை நகலைத் திறந்து பாருங்கள். திறக்காத நகல் இருந்தும் இல்லாதது போலத்தான்.

ரசீதுத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள்.

"ஃபைல் இல்லை" என்று சொன்னால்

நம்மில் பலர் கம்ப்யூட்டரில் வேலை செய்பவர்கள் அல்ல. வாசலில் நிற்பவர்கள். பாஸ்புக்குக்கு மனு கொடுத்திருப்போம். சாதிச் சான்றிதழுக்கு மனு கொடுத்திருப்போம். பத்து நாள் கழித்துப் போனால், "உங்கள் மனு கம்ப்யூட்டரில் இல்லை" என்பார்கள். அப்போது என்ன செய்வது?

முதலில் ரசீதைக் காட்டுங்கள். மீசேவா போன்ற இடங்களில் மனு கொடுத்தால் ரசீதில் ஓர் எண் இருக்கும். பெயரை வைத்துத் தேடினால் எழுத்து மாறலாம். எண் மாறாது. "இந்த எண்ணைப் போட்டுப் பாருங்க சார்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். எண்ணைத் தனியாக ஒரு நோட்டிலும் எழுதி வையுங்கள். ரசீதின் மை சில மாதங்களில் மங்கிவிடும்.

இரண்டாவதாக, மனு கொடுத்த நாளைச் சொல்லுங்கள். அந்த நாளை வைத்துத் தேடச் சொல்லுங்கள். தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் உங்கள் பெயரை எப்படி எழுதினார்கள் என்று கேளுங்கள்.

அப்படியும் இல்லை என்றால், எழுத்தில் கேட்கலாம். தகவல் உரிமைச் சட்டம் 2005-ல் வந்தது. அரசு அலுவலகத்தில் உள்ள நம் பதிவைப் பற்றி நாம் கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. ஃபைல் கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லித் தகவலை மறுக்க முடியாது. நன்றாகத் தேட வேண்டும், கிடைக்காவிட்டால் அதற்கு யார் பொறுப்பு என்று விசாரிக்கலாம் என்று டில்லி உயர் நீதிமன்றம் 2013-ல் ஒரு வழக்கில் சொல்லி இருக்கிறது.

சண்டை போட வேண்டியதில்லை. அழ வேண்டியதும் இல்லை. எண்ணும் தேதியும் கையில் இருந்தால் நிதானமாகப் பேசலாம்.

நினைவில் கொள்வோம்

காணோம் என்றால் அழிந்தது என்று பொருள் இல்லை.
முதலில் கையை நிறுத்து. பிறகு தேடு.
யார், எப்போது, எந்தக் கம்ப்யூட்டர், என்ன பெயர் என்று கேள்.
கிடைத்ததைப் பழையதன் மேல் வைக்காதே. ஒப்பிட்டுப் பார்.
ஒரே பிரதியை நம்பாதே.

புதிய சொற்கள்

சர்வர்: எல்லோருக்கும் பொதுவான பெட்டி உள்ள கம்ப்யூட்டர்.
ஃபைல்: கம்ப்யூட்டரில் எழுதி வைத்த ஒரு தாள் அல்லது பட்டியல்.
ஃபோல்டர்: ஃபைல்களை வைக்கும் அறை.
சேவ்: எழுதியதைச் சேமித்தல்.
நகல்: ஒன்றைப் போல எடுத்த மற்றொன்று.

பேசுவோம்

1. வெள்ளிக்கிழமைக் கணக்கு எங்கே இருந்தது? ஏன் அங்கே போனது?
2. கிடைத்த பட்டியலை உடனே பொதுப் பெட்டியில் வைக்க வேண்டாம் என்று தலைவி அக்கா ஏன் சொன்னார்?
3. அன்னமாச்சாரியார் செப்பேடுகள் கதையில் தொலைந்தது எது?
4. உங்கள் ஊரில் யாருக்காவது "ஃபைல் இல்லை" என்று பதில் வந்ததா? அவர் என்ன செய்தார்? இப்போது என்றால் என்ன செய்யலாம்?

செய்து பார்ப்போம்

உங்கள் வீட்டில் உள்ள முக்கியமான தாள்களை எடுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், குழு ரசீதுகள் எல்லாம் எடுங்கள். ஒரு தாளில் கட்டம் போடுங்கள். தாளின் பெயர், எண், வைத்த இடம், நகல் இருக்கும் இடம் என்று நான்கு பத்திகள் போடுங்கள். உங்கள் கையால் நிரப்புங்கள். வீட்டில் இன்னொருவரிடம் அதைப் படித்துக் காட்டுங்கள். நீங்கள் ஊரில் இல்லாத நாளிலும் அவர் தேடி எடுக்க முடிய வேண்டும்.